யார் காசு, யார் நேரம்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள ஜார்ஜ்டவுன், டொயோட்டா நிறுவனம் 1988இல் கேம்ரி கார் தயாரிக்கத் தொடங்கிய ஊர். அங்கே ‘ஃபேம்’ என்ற திட்டத்தில் படிக்கும் மாணவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, மூன்று நாள் தொழிற்சாலை. வகுப்பு 16 மணி நேரம், வேலை 24 மணி நேரம். வேலைக்குச் சம்பளம் உண்டு. மின்சாரம், ஹைட்ராலிக்ஸ், ரோபோ, வெல்டிங் என்று எதில் கோளாறு வந்தாலும் கை வைக்கத் தெரிந்த மெயின்டனன்ஸ் டெக்னீஷியனாக ஐந்து செமஸ்டரில் அவர் வெளியே வருகிறார். கையில் ப்ளூகிராஸ் சமுதாய, தொழில்நுட்பக் கல்லூரியின் ஈராண்டுப் பட்டமும் இருக்கிறது. சம்பளத்தைப் பார்த்துச் செலவழித்தால் படிப்புச் செலவை அதிலேயே அடைத்துவிடலாம். பட்டத்தோடு கடனையும் வாங்கிக்கொண்டு வெளியேறுவது வழக்கமாகிவிட்ட நாட்டில் இது சாதாரண விஷயம் இல்லை.

டொயோட்டா 2010இல் தொடங்கிய இத்திட்டத்தில் சுற்றுவட்டாரத்தின் மற்ற நிறுவனங்களும் சேர்ந்தன. 2019இல் டொயோட்டா இதன் நிர்வாகத்தைத் தேசிய உற்பத்தியாளர் சங்கத்தின் கல்விப் பிரிவிடம் ஒப்படைத்தது. மறு ஆண்டு டாமர் ஜேகபி, ரான் ஹாஸ்கின்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் கென்டக்கி மாணவர்களின் தரவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஃபேம் மாணவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் படிப்பை முடித்திருந்தார்கள். அதே கல்லூரிகளில் ஒத்த படிப்பில் சேர்ந்த மற்றவர்களில் முடித்தவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு. படிப்பு முடிந்து ஐந்து ஆண்டுகளில் ஃபேம் பட்டதாரியின் ஆண்டு வருமானம் 98,000 டாலரை நெருங்கியது. மற்றவர்களுடையது 53,000 டாலர் அளவில் நின்றது.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ஃபேமில் நினைத்தவர்களெல்லாம் சேர முடியாது. கணக்கு மதிப்பெண் பார்ப்பார்கள், நேர்காணல் உண்டு, கடைசியில் ஒரு நிறுவனம் ‘இவர் எனக்கு வேண்டும்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வடிகட்டிய பிறகு வருகிறவர்கள் நன்றாகப் படிப்பதில் ஓரளவு வடிகட்டியின் பங்கும் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் 80க்கும் 30க்கும் இடையே உள்ள தூரத்தை வடிகட்டியை மட்டும் காட்டி விளக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று நாள் வேலைக்குக் கிடைக்கும் சம்பளம் அந்த மாணவருக்கு வேறொன்றையும் வாங்கிக் கொடுக்கிறது. மாலையில் ஹாம்பர்கர் கடையிலோ கிடங்கிலோ ஷிப்ட் பார்க்க வேண்டாம் என்ற விடுதலை அது. அவருடைய வேலையும் படிப்பும் ஒரே திசையில் போகின்றன.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். இப்பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1996இல் சென்னையிலேயே மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆனால் இங்கே அந்தப் பெயர் குறுகிய காலத் தொழிற்பயிற்சியோடு சுருங்கிவிட்டது. அமெரிக்காவில் அது நம் பாலிடெக்னிக்கும் கலைக்கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளும் ஒரே கட்டடத்தில் குடியிருப்பதைப் போன்ற ஏற்பாடு. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரி தோன்றியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947இல், அதிபர் ட்ரூமன் அமைத்த ஆணையம் நாடெங்கும் இவற்றைப் பரப்பச் சொன்னது. இன்று ஆயிரம் அளவில் இருக்கின்றன. பள்ளிப்படிப்பை முடித்த எவருக்கும் கதவு திறந்திருக்கும்; கட்டணம் பல்கலைக்கழகத்தைவிட வெகு குறைவு. அதனால்தான் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள், முப்பது வயதில் திரும்பப் படிக்க வரும் தாய்மார்கள் எல்லாரும் இங்கே வந்து சேர்கிறார்கள்.

அறிவியல், பொறியியலில் இளநிலைப் பட்டம் பெறும் அமெரிக்கர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் எப்போதாவது ஒரு சமுதாயக் கல்லூரியில் ஒரு பாடமாவது படித்திருக்கிறார்கள். விண்வெளி ஓடத்துக்குத் தலைமையேற்ற முதல் பெண்மணி ஐலீன் காலின்ஸ் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் சமுதாயக் கல்லூரியில் ஈராண்டுப் பட்டம் வாங்கியவர்தான். கேட்க நன்றாக இருக்கிறது. மறுபக்கக் கணக்கு அவ்வளவு நன்றாக இல்லை. சமுதாயக் கல்லூரியில் சேர்கிறவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் நான்காண்டுப் பட்டம் பெறும் ஆசையோடுதான் நுழைகிறார்கள். மூன்றில் ஒரு பங்கினர்தான் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார்கள். ஆறு ஆண்டுகளில் இளநிலைப் பட்டத்தைத் தொடுகிறவர்கள் 16 சதவீதம். மீதிப் பேர் எங்கே நின்றார்கள் என்று கேட்டால், பாதிக்கு மேல் பதில்கள் நேரம் என்ற ஒரு சொல்லில் வந்து முட்டும். பணப் பற்றாக்குறை இவர்களிடம் நேரப் பற்றாக்குறையாகத்தான் வெளிப்படுகிறது.

தொழில்நிறுவனங்களும் கல்லூரிகளும் கைகோத்துச் செய்யும் எந்தத் திட்டத்தையும் நான் இந்தக் கேள்வியால்தான் உரசிப் பார்ப்பேன்: காசு யாருடையது, அது மாணவரின் நேரத்தை மீட்டுக் கொடுக்கிறதா? ‘கூட்டு’ என்ற சொல் இந்த இரண்டையும் மறைத்துவிடுகிறது. ஒரு நிறுவனம் பழைய இயந்திரத்தைக் கல்லூரிக்குத் தள்ளிவிட்டு வரிச்சலுகை வாங்கினாலும் அது கூட்டுதான். இருநூறு மாணவருக்கு இரண்டாண்டு சம்பளம் கொடுத்தாலும் அதுவும் கூட்டுதான். நாடா வெட்டும் புகைப்படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

அண்மைக்கால உதாரணம் சிப் தொழில். 2022 ஆகஸ்டில் சிப் உற்பத்தியை ஊக்குவிக்கும் ‘சிப்ஸ்’ சட்டம் நிறைவேறியதும் அமெரிக்காவில் தொழிற்சாலை அறிவிப்புகள் மழையாகப் பெய்தன. ஒவ்வொரு அறிவிப்போடும் ஒரு கல்லூரித் திட்டமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அரிசோனாவின் மரிகோப்பா சமுதாயக் கல்லூரிகள் இன்டெல், டி.எஸ்.எம்.சி. போன்ற சிப் நிறுவனங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ‘விரைவுத் தொடக்கம்’ என்ற பயிற்சியை நடத்தின. பத்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். தூய்மை அறைக்குள் போக அணியும் வெள்ளை உடையைப் போட்டுக்கொள்வது முதல் கருவிகளைப் பிடிப்பது, வெற்றிடம் எப்படி உண்டாக்கப்படுகிறது என்பது வரை சொல்லிக் கொடுத்தார்கள். கட்டணம் 270 டாலர். அரிசோனாவாசியாக இருந்து தேர்ச்சியும் பெற்றால் அது திரும்பக் கிடைக்கும். நூற்றுக்கணக்கானோர் ஆர்வத்தோடு வந்தார்கள். ஆனால் எந்த நிறுவனமும் ‘இத்தனை பேரை எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கவில்லை. 2023 ஜூலையில், தேர்ந்த ஆட்கள் போதவில்லை என்பதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி, டி.எஸ்.எம்.சி. தன் அரிசோனா ஆலையின் உற்பத்தியை 2024இலிருந்து 2025க்குத் தள்ளிவைத்தது. அந்நிறுவனம் தேடியது நுட்பமான இயந்திரங்களை நிறுவத் தெரிந்த அனுபவசாலிகளை. பத்து நாளில் அப்படி யாரையும் உருவாக்க முடியாது. பயிற்சி முடித்தவர்களைப் பொறுத்தவரை, தாங்கள் சேரவிருந்த ஆலையின் கதவு இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப் போயிற்று.

இதில் வேடிக்கை, மரிகோப்பாவுக்கு இது புதிய பாடமே இல்லை. 1996இலேயே அங்கே சிப் டெக்னீஷியன் கல்விக்கென்று தேசிய அறிவியல் அறக்கட்டளையின் உதவியோடு ஒரு மையம் அமைந்திருந்தது. 2001இல் உலக சிப் விற்பனை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. ஆலைகள் ஆட்களைக் குறைக்கும்போது அந்தப் படிப்பில் பிள்ளையைச் சேர்க்க எந்தப் பெற்றோர் துணிவார்கள்? தொழிலின் ஏற்ற இறக்கம் மூன்று, நான்கு ஆண்டுச் சுழற்சியில் ஓடுகிறது. ஒரு பாடத்திட்டத்தை எழுதி, ஒப்புதல் வாங்கி, ஆசிரியரைப் பிடித்து, முதல் அணியை வெளியே அனுப்பவும் அதே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உச்சத்தில் தொடங்கிய படிப்பின் முதல் பட்டதாரி பள்ளத்தில் வந்து விழுவது தற்செயல் இல்லை.

ஒஹாயோவிலும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். 2022 செப்டம்பரில் அதிபர் பைடன் முன்னிலையில் இன்டெல் தன் 2,000 கோடி டாலர் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. மாநிலத்தின் கல்வி நிலையங்களுக்குப் பத்தாண்டுகளில் 5 கோடி டாலர் தருவதாகவும் சொன்னது. வரப்போகும் 3,000 வேலைகளில் பெரும்பகுதி ஈராண்டுப் பட்டம் போதுமான டெக்னீஷியன் வேலைகள் என்பதால் சமுதாயக் கல்லூரிகள் உற்சாகமாகப் பாடங்களைத் தொடங்கின. உற்பத்தி 2025இல் என்றது முதல் அறிவிப்பு. 2024 ஆகஸ்டில் இன்டெல் உலகெங்கும் சுமார் 15,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் ஒஹாயோ ஆலை 2030 வாக்கில்தான் தயாராகும் என்றது. நிறுவனத்துக்கு இது முதலீட்டு அட்டவணையில் ஒரு திருத்தம். பங்குதாரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் முடிந்தது. 2023இல் அந்தப் படிப்பில் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ அட்டவணையைத் திருத்திக்கொள்ளும் வசதி இல்லை.

இன்டெல் கெட்ட எண்ணத்தோடு நடந்தது என்று நான் சொல்லவில்லை. அது கொடுத்த பணம் உண்மையானது. கிடைத்த கருவிகளும் ஆசிரியர்களும் உண்மை. ஆனால் நன்கொடை என்ற வடிவத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொடுத்தவருடைய கடமை கொடுத்த அன்றோடு தீர்ந்துவிடுகிறது. திட்டம் தடம் மாறினால் வரும் இழப்பு முழுவதும் மாணவர் தலையில் விழுகிறது. ஃபேமில் நிறுவனம் முதல் நாளிலிருந்தே அந்த மாணவருக்குச் சம்பளம் எழுதுகிறது. அவர் பாதியில் நின்றால் அதற்கும் நட்டம்தான். அதனால் அவர் ஏன் நேற்று வகுப்புக்கு வரவில்லை என்று கேட்க ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார்.

சம்பளம் கொடுத்துப் படிக்க வைப்பவர்களின் பட்டியலைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். வட கரோலினாவின் ஷார்லட் நகரில் 1995இல் ‘அப்ரென்டிஸ்ஷிப் 2000’ என்ற தொழிற்பழகுநர் திட்டத்தைத் தொடங்கியவை ப்ளம் என்ற ஆஸ்திரிய நிறுவனமும் டேட்வைலர் என்ற சுவிஸ் நிறுவனமும். பின்னால் அதில் சேர்ந்த சீமென்ஸ் ஜெர்மன் நிறுவனம். அந்நிறுவனமும் சென்ட்ரல் பீட்மாண்ட் சமுதாயக் கல்லூரியும் சேர்ந்து நடத்திய பயிற்சியை அதிபர் ஒபாமா 2012இல் நாடாளுமன்ற உரையிலேயே எடுத்துக்காட்டாகச் சொன்னார். தென் கரோலினாவில் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களைப் பகுதி நேர வேலையோடு படிக்க வைப்பது பி.எம்.டபிள்யூ. கென்டக்கியில் டொயோட்டா. ஒன்றுகூட அமெரிக்காவில் பிறந்த நிறுவனம் இல்லை. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பதினாறு வயதுப் பிள்ளையைத் தொழிற்சாலைக்குள் வைத்து வளர்ப்பது பரம்பரை வழக்கம். ஜப்பானிய நிறுவனம் ஆளைச் சேர்த்த பிறகு தானே கற்றுக் கொடுப்பதையே இயல்பாக நினைக்கிறது. அவர்கள் கடல் கடந்து வந்தபோது இயந்திரங்களோடு அந்தப் பழக்கமும் வந்திறங்கியது.

அமெரிக்க நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன என்பதற்குப் பொருளியலில் ஒரு பழைய விடை உண்டு. கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட ‘மனித மூலதனம்’ நூலில் விளக்கியது அது. எந்த நிறுவனத்திலும் செல்லுபடியாகும் திறனைக் கற்றுக்கொடுக்க ஒரு நிறுவனம் செலவழித்தால், கற்றவர் பக்கத்து ஆலைக்குக் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விடுவார். ஆகவே அந்தச் செலவைத் தொழிலாளியே ஏற்கும்படி விட்டுவிடுவதுதான் நிறுவனத்துக்கு லாபம். ஃபேம் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எளிமையானது. ஒரே வட்டாரத்தின் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து பயிற்சி கொடுக்கும்போது, அடுத்தவர் வளர்த்த ஆளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய தேவையே குறைகிறது. அரிசோனாவிலும் இந்தப் பாடம் ஏறத் தொடங்கியிருக்கிறது, டி.எஸ்.எம்.சி. 2024இல் பதிவுபெற்ற தொழிற்பழகுநர் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. அதில் டெக்னீஷியன்கள் சம்பளத்தோடு கற்கிறார்கள். தள்ளிப்போன ஓர் ஆண்டு அந்நிறுவனத்துக்கு வேண்டிய படிப்பினையைக் கொடுத்திருக்க வேண்டும்.

பணம் கொடுக்காமலேயே நிறுவனங்கள் உருப்படியாக உதவக்கூடிய ஒரு வழியும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் தொழில் ஆலோசனைக் குழு இல்லாத துறையைப் பார்ப்பது அரிது. ஆண்டுக்கு ஒருமுறை கூடுவார்கள், மதிய உணவு சாப்பிடுவார்கள், பாடத்திட்டம் அருமை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நம் தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்தவர்களுக்குக் காட்சி பழக்கமானதாக இருக்கும். டெக்சாஸ் மாநிலத்தின் காலின் கல்லூரி தகவல் தொழில்நுட்பப் பாடங்களுக்காக இதை மாற்றியமைத்தது. நிறுவனத்தார் காலாண்டுக்கு ஒருமுறை கூடுகிறார்கள். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வேலைக்கு வருகிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற நீண்ட பட்டியலை வரிவரியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண் போடுகிறார்கள். ‘இது இனி வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று அங்கேயே விவாதம். பாடத்தைக் கழிப்பதுதான் கல்லூரிகளுக்கு மிகவும் வலிக்கும் வேலை. அதற்கு வெளியாள் ஒருவரின் குரல் தேவைப்படுகிறது. இந்த முறை மற்ற மாநிலக் கல்லூரிகளுக்கும் பரவியது. பரப்பியது தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மேம்பட்ட தொழில்நுட்பக் கல்வித் திட்டம். 1992இல் நிறைவேறிய ஒரு சட்டத்தால் பிறந்த இத்திட்டத்தில் ஈராண்டுக் கல்லூரிகளே தலைமையேற்க வேண்டும் என்பது விதி. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் வாசலில் சமுதாயக் கல்லூரிகள் காத்து நிற்க வேண்டாத அபூர்வமான இடம் அது.

இதுவரை சொன்னதெல்லாம் டெக்னீஷியன்களைப் பற்றியது. பொறியாளராக வேண்டும் என்று வருகிறவரின் கதை வேறு. அவர் சமுதாயக் கல்லூரியில் நுண்கணிதம் மூன்று பருவம், வகைக்கெழுச் சமன்பாடுகள், கணக்கோடு கூடிய இயற்பியல், வேதியியல் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்ட வேண்டும். ஒரு பாடம் தவறினால் அடுத்ததில் உட்கார முடியாது, ஓராண்டு போய்விடும். இந்த நுண்கணித வகுப்புக்கு எந்தத் தொழிற்சாலையும் சம்பளம் கொடுப்பதில்லை. ஏன் கொடுக்க வேண்டும்? அந்த மாணவர் இன்னும் இரண்டாண்டு பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, வேறு ஊரில், வேறு தொழிலில் போய்ச் சேரலாம். பெக்கர் சொன்னதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. ஃபேம் போன்ற திட்டங்களின் பட்டமோ பயன்முறை அறிவியல் பட்டம். அதன் பாடங்கள் பலவற்றைப் பொறியியல் கல்லூரிகள் தங்கள் கணக்கில் ஏற்றுக்கொள்வதில்லை. நல்ல சம்பளம் வாங்கும் டெக்னீஷியன் பின்னாளில் பொறியாளராக நினைத்தால் கிட்டத்தட்ட ஆரம்பத்திலிருந்தே வர வேண்டியிருக்கிறது. நிறுவனம் கொடுக்கும் சம்பளம் மாணவரின் நேரத்தை மீட்டுக் கொடுத்துவிட்டு, அவர் போகக்கூடிய தூரத்துக்கு ஒரு வேலியும் போட்டுவிடுகிறது. ஃபேமைப் புகழ்கிறவர்கள் இதை அடிக்கடி சொல்வதில்லை.

நுண்கணித மாணவருக்குக் கைகொடுப்பவை பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகின்றன. 1970இல் ஓக்லாந்து நகரின் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சிறிய அளவில் தொடங்கிய ‘மெசா’ திட்டம், 1993 முதல் கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளிலும் இயங்குகிறது. ஏழைக் குடும்பத்து மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட ஓர் அறை, மேல்வகுப்பு மாணவரின் வழிகாட்டல், பல்கலைக்கழகத்துக்கு மாறும் விண்ணப்பத்துக்கு உதவி. பெரிய கருவி எதுவும் இல்லை. நிறுவனங்கள் இதில் வழிகாட்டிகளையும் உள்ளகப் பயிற்சி இடங்களையும் தருகின்றன. முதுகெலும்பு மாநில அரசின் பணம்.

பணத்தின் இன்னொரு ஊற்று தமிழ் வாசகருக்கு நெருக்கமானது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஒருவரை எச்1பி விசாவில் அழைத்துக்கொள்ளும் அமெரிக்க நிறுவனம், மனுவோடு 1,500 டாலர் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். 25 பேருக்கு மேற்படாத சிறு நிறுவனம் என்றால் 750. இப்போதைய தொகை பின்னால் வந்தது என்றாலும் கட்டணத்தை விதித்தது 1998ஆம் ஆண்டுச் சட்டம்; தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. இந்தக் கட்டணத்தில் 30 சதவீதம் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குப் போய், அறிவியல், பொறியியல், கணிதம் படிக்கும் வசதியற்ற உள்நாட்டு மாணவர்களின் உதவித்தொகையாகிறது. சமுதாயக் கல்லூரி மாணவர்களும் அதற்குத் தகுதியானவர்கள். வெளியிலிருந்து பொறியாளரைக் கொண்டுவரும் நிறுவனம், உள்ளூரில் ஒரு பொறியாளர் உருவாகவும் காசு கொடுக்கட்டும் என்பது கணக்கு. எந்த மேடையிலும் இதைக் கூட்டு என்று யாரும் அழைப்பதில்லை, நாடா வெட்டுவதுமில்லை. ஆனால் ஒரு மாணவர் மாலை ஷிப்டை விட்டுவிட்டு வகைக்கெழுச் சமன்பாட்டோடு உட்கார வழி செய்யும் தொழில்துறைப் பணம் எது என்று தேடினால், கட்டாயத்தால் வசூலான இந்தப் பணம்தான் முதலில் நிற்கிறது. தாராள மனதோடு கொடுத்தவை அதற்குப் பின்னால்தான்.

டெக்னீஷியன், பொறியாளர் என்ற இந்த இரண்டு பாதையிலும் இப்போது அரசு கைவைத்திருக்கிறது. ஏழை மாணவருக்கான ‘பெல்’ உதவித்தொகை பொதுவாகப் பதினைந்து வாரத்துக்குக் குறையாத படிப்புகளுக்கே கிடைத்துவந்தது. 2025இல் நிறைவேறிய சட்டம் 2026 ஜூலை முதல் எட்டு வாரத் தொழிற்படிப்புகளுக்கும் அதைத் திறந்துவிடுகிறது. சேர்ந்தவர்களில் 70 சதவீதம் பேர் முடித்திருக்க வேண்டும், 70 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டிருக்கிறது. மரிகோப்பாவின் பத்து நாள் போன்ற பயிற்சிகள் இதற்குள் வராது. வேலை கிடைக்காவிட்டால் கல்லூரிதான் உதவித்தொகையை இழக்கும். ஆலை தள்ளிப்போவதாக அறிவிக்கும் நிறுவனத்துக்கு இதில் எந்தத் தண்டனையும் இல்லை.

எச்1பி பக்கத்தில் நடந்திருப்பது அதைவிட விசித்திரம். 2025 செப்டம்பரில் அதிபர் ட்ரம்ப், வெளிநாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கான மனு ஒவ்வொன்றுக்கும் 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அறிவித்தார். உள்நாட்டுத் தொழிலாளரைக் காப்பதற்காக என்றுதான் அந்த அறிவிப்பு சொல்கிறது. அந்த 1 லட்சம் டாலர், 1998ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பங்கீட்டுக்குள் வருவதில்லை. அதற்கு அஞ்சி நிறுவனங்கள் மனுக்களைக் குறைத்தால் பழைய 1,500 டாலரும் சேர்ந்தே குறையும். அந்தப் பணத்தில் 30 சதவீதம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது, அதே உள்நாட்டில் நுண்கணிதம் படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு.